வலது காது

இந்த இயர்போன் ரப்பர் மூடி காதுக்குள்ள போற விதமே எனக்குப் பிடிக்கல. தலைக்கு ஊத்தும்போது தண்ணி புகுந்தாப்ல அடைச்சிக்கிடுது. “இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க டீச்சர், அப்பத்தான் வெளிச்சத்தம் நிக்கும்”ங்காரு கடைக்காரர் மீரான். நான் டீச்சர் இல்ல. கண்ணாடி போட்டு, தோள்ல பையை மாட்டி, கஞ்சி போட்ட சேலை கட்டிக்கிட்டு திருநெல்வேலி ஜங்ஷன்ல எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் டீச்சர்தான். அதைத் திருத்துததுக்கு இப்ப எனக்கு நேரம் இல்ல. நான் டெலிபோன் ஆபரேட்டர். முப்பத்தோரு வருசம் எக்ஸ்சேஞ்சுல ஹெட்செட் மாட்டினவ. ஒரு ஹலோ போதும், பேசுதது யாரு, காலையில வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்காரா இல்லியா, எல்லாம் சொல்லிருவேன். ஜவுளிக்கடை முதலாளிக்குச் சளி பிடிச்சது அவரு டாக்டருக்கு முந்தி எனக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட காதை வச்சிக்கிட்டு, கட்டின புருசன் குரலைத் தேடிக்கிட்டு, காலையில பதினோரு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், பாத்துக்கிடுங்க. வீட்ல பாவாடை நாடா வாங்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். அவியளுக்குப் பேச முடியாது இல்லியா, நோட்டை எடுத்து எழுதுனாவ: ‘நாடாவுக்கு இவ்வளவு பவுடரா?’ சிரிப்பை அடக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன். வாய் போனாலும் குசும்பு போகல, அதுக்காகவே அந்த மனுசனைக் கும்பிடணும்.

ஏழு வாரம் ஆச்சு. தொண்டையில கேன்சர், குரல்வளையை எடுத்தாத்தான் ஆளு மிஞ்சும்னுட்டாவ, எடுத்தாச்சு, ஆளு மிஞ்சிட்டாவ, ஸ்தோத்திரம். கழுத்துல ஓட்டை, அதுமேல வெள்ளைத் துணி, தட்டுல கரண்டியால ரெண்டு தட்டு தட்டுனா நான் அடுப்படியில இருந்து ஓடணும். எல்லாத்துக்கும் பழகிட்டேன். ஆனா இது ஒண்ணு இருக்கே. ஆப்பரேசனுக்கு மொத நாள், பக்கத்துக் கட்டில்காரன் மகன் ஒரு சின்ன மிஷினைக் கொண்டாந்து அப்பன் பேச்சைப் பிடிச்சி வச்சிக்கிட்டான். பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நமக்கும் ஒண்ணு செய்யணும்னு இந்த மண்டையில ஏறலியே. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது அவிய கடைசியாச் சொன்னது என்ன தெரியுமா, ‘கேஸை மூடிட்டு வந்தியா?’ நான் ஆமான்னேன். அதோட சரி. இப்ப வீட்டை அலசிப் பாத்தா அவிய குரல் இருக்கது ஒரே ஒரு இடந்தான். அஞ்சு வருசத்துக்கு முந்தி கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில எங்க கொயர் பாடுனதை யாரோ பதிஞ்சி வீட்டுக்கொரு சிடி குடுத்தாவ. மகன் மஸ்கட்டுல இருந்து வந்தப்ப அதை ஒரு தீப்பெட்டி அளவு பாட்டுப்பெட்டியில ஏத்திக் குடுத்தான். இருபத்திநாலு பேரு பாடுத பாட்டு. அதுல ஒரு ஆளு என் ஆளு. பெட்டியோட வந்த ஒயர்ல கேட்டா எல்லாம் சேந்து கூழாக் கெடக்கு, நல்லதா ஒண்ணு வாங்குனா பிரிச்சிக் கேக்கலாம்னு மகன் போன்ல சொன்னான். அதுக்குத்தான் வந்தேன்.

இது மொத ஒயரு. சோப்ரானோ பிள்ளைய உச்சியில நிக்காவ, சரி, நாங்க ஆல்ட்டோ நாலு பேரு கீழ நிக்கோம், சரி, எங்க ஆம்பளைய? அடுத்த தெருவுல பாடுத மாதிரி இருக்கு. எட்வின் அண்ணாச்சி குரல் மட்டும் வேலி தாண்டி வந்து விழுது, அது எருமைக் குரல், செவுத்துக்குள்ள வச்சிப் பூசினாலும் கேக்கும். நான் கேக்கது எட்வினையா? “வேற குடுங்க பாய்”னேன். மீரான் பொறுமையா அடுத்த டப்பாவைப் பிரிக்காரு. கண்ணாடி மேசைக்கு அடியில நூறு டப்பா இருக்கும், கறுப்பு, வெள்ளை, செவப்பு, உள்ள இருக்க குமிழ் ஒவ்வொண்ணும் குன்னிமுத்து அளவுக்கு. இத்தினியூண்டுக்குள்ள ஒரு கோயில் கொயரையே அடக்கிருக்கானே, இதைச் செஞ்சவன் கையைக் கண்ணுல ஒத்திக்கிடணும். எங்க காலத்து ஹெட்செட் தேங்காச் செரட்டை கனம் இருக்கும், எட்டு மணி நேரம் மாட்டினா தலையில பள்ளம் விழும். பள்ளம் விழுந்தா என்ன, அந்தச் செரட்டைக்குள்ளதானே அவிய வந்தாவ. கயத்தாறு கரண்ட் சப்-ஸ்டேஷன்ல வேலை, அங்க இருந்து ட்ரங்க் கால் கேப்பாவ. மத்தவனெல்லாம் ஒரு நம்பரை ஒம்பது தடவை சொல்லுவான், கத்துவான், கடைசியில என்னையத் திட்டுவான். அவிய ஒரே தடவை சொல்லுவாவ. மூணு, ஏழு, நாலு. ஒவ்வொண்ணும் தனித்தனியா, தரையில பைய, மெதுவா இறக்கி வைக்க மாதிரி. மூஞ்சியைப் பாக்கதுக்கு முந்தி அந்த மூணு ஏழு நாலைத்தான் கட்டிக்கிடணும்னு முடிவு பண்ணேன். பாக்கப் போனா ஆளு குட்டை. பரவால்லன்னுட்டேன்.

ரெண்டாவதை மாட்டியாச்சு. “இது நல்லா அடிக்கும் டீச்சர், இப்ப எல்லாரும் இதான் கேக்காங்க”ங்காரு. அடிக்கத்தான் செய்யுது. ஆர்கன்காரர் பெடலை மிதிக்க ஒவ்வொரு மிதியும் என் காதுக்குள்ள மிதிக்கு. இதைப் போட்டுக்கிட்டுத் திரியுத பிள்ளைகளுக்கு மூளை எப்படி இருக்கும்? கழத்திட்டேன். இருந்தாலும் இன்னொரு மட்டம் மாட்டி சிடியில கடைசியா இருக்க பாட்டை வைக்கச் சொன்னேன், ஏன்னா பயம். என்ன பயம்னு சொல்லுதேன், வெக்கமாத்தான் இருக்கு. ராத்திரியில்ல, பகல்ல, காய் நறுக்கும்போது, அவிய முன்ன சொன்னது ஏதாவது ஞாபகம் வரும். ‘இந்த வருசம் மாவடு போடலியா?’ன்னு ஒரு வரி. வரி வருது. குரல் வரல. குரல் எங்கன்னு பிடிக்கப் போனா, அந்த வரியை மனசுக்குள்ள நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். என் குரல்ல. அவிய சொன்னதையெல்லாம் நான் பொம்பளைக் குரல்ல சொல்லுதேன். மொத வாரம் அப்படி இல்ல, நல்லாவே ஞாபகம் இருந்துது. மூணாவது வாரம் மாவடு போச்சு. போன வாரம் மூணு ஏழு நாலே போயிட்டு. அதை மட்டும் விடக்கூடாதுன்னு பாத்திரம் விளக்கிக்கிட்டே திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தேன், அப்படிச் சொன்னதுல இருந்த கொஞ்சமும் தேஞ்சி போச்சுன்னு நெனைக்கேன். எதுத்தாப்ல ஆளு உக்காந்து பேப்பர் படிக்காவ. முழு ஆளு, என் ஆளு. நான் அவியளைப் பாத்துக்கிட்டே அவிய குரலை மறந்துக்கிட்டு இருக்கேன். இதை யாருகிட்டச் சொல்ல? அவியகிட்டயா?

“இது கொஞ்சம் விலை கூட. ஆனா பாட்டை உள்ளபடி குடுக்கும். கூட்டாது, குறைக்காது”ன்னு சொல்லி மூணாவது ஒண்ணை எடுத்தாரு மீரான். ரப்பர் மூடியிலயே மூணு அளவு வச்சிருக்கான். என் காதை ஒரு பார்வை பாத்துட்டு சின்னதை எடுத்து மாட்டினாரு. தட்டான் மூக்குத்தி திருகுவானே, அந்தக் கவனம். கையில அழுக்கு இல்ல, அவசரம் இல்ல, வாங்குவாளா மாட்டாளான்னு மூஞ்சியில ஒரு கேள்வி இல்ல. நல்லா இருக்கணும் இந்த மனுசன். பாட்டு வந்துது. ஆத்தாடி. என் குரல் தனியாக் கேக்கு. நான் மூச்சு எடுக்கது கேக்கு. பக்கத்துல நின்ன ரஞ்சிதத்தோட வளையல் கேக்கு. இவ்வளவு நல்லாவா பாடியிருக்கேன்னு ஒரு நொடி பெருமைகூட வந்துட்டு. அப்புறந்தான் உறைச்சுது. ஆம்பளைய இல்ல. ஆர்கனுக்குப் பின்னால என்னமோ ஒரு முனகல், அவ்வளவுதான். இருக்கதுலயே நல்ல ஒயர்ல அவிய இல்ல. எட்வினே இல்லன்னா பாத்துக்கிடுங்க. உள்ளபடி குடுக்கும்னாரே, உள்ளபடியே இவ்வளவுதானா? அஞ்சு வருசமா அந்த சிடியை அலமாரியில பைபிளுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன், அதுல அவிய இல்லவே இல்லியா? மகன் ஏத்தும்போது ஏதும் அழிஞ்சிட்டோ? இல்ல என் காதுதான் போச்சா? தாழ்ந்த சத்தம் மொதல்ல போகுமா, உயர்ந்த சத்தம் மொதல்ல போகுமா? ஆண்டவரே, குரலை எடுத்தீரு, சரின்னேன், அதைக் கேட்டு வச்சிருக்கதையுமா எடுப்பீரு? மேசை ஓரத்தைப் பிடிச்சிக்கிட்டேன்.

“டீச்சர்.” மீரான் குனிஞ்சி என் மூஞ்சியைப் பாக்காரு. “தப்பா நெனைக்காதீங்க. இன்னொண்ணையும் மாட்டுனா என்ன?” எதை மாட்ட? அவரு விரல் காட்டுன பக்கம் பாத்தேன். என் வலது தோள்ல இன்னொரு குமிழ் தொங்கிக்கிட்டு இருக்கு. வந்ததுல இருந்து மூணு ஒயரும் அப்படித்தான் தொங்கியிருக்கு. “வலது காதுல ஏதும் கோளாறு இருக்கும்போல, கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்”ங்காரு. எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது. கோளாறு காதுல இல்ல பாய், முப்பத்தோரு வருசத்துல. எக்ஸ்சேஞ்சுல செரட்டை ஒத்தைச் செரட்டை. இடது காது லைனுக்கு, வலது காது சூப்பர்வைசர் மரகதம்மாவுக்கு. வலது காதை அடைச்சி வச்சிருந்தா மெமோ. வீட்ல போனைக்கூட இன்னைவரைக்கும் இடது பக்கந்தான் வைப்பேன், அவிய ஏதும் சொன்னா வலது காது வாங்கணும்னு. பழக்கம் போகல, அம்புட்டுத்தான். அப்பந்தான் அன்னைக்குக் கோயில்ல வச்சிருந்த ரெண்டு மைக்கும் கண்ணுக்கு முன்ன வந்துது. பொம்பளைப் பக்கம் ஒண்ணு, ஆம்பளைப் பக்கம் ஒண்ணு. ஆம்பளையெல்லாம் நின்னது வலது பக்கம், அது வலது குமிழ்லதான் வரும். நான்லாம் காதைப் பத்திப் பெருமை பேசவே கூடாது. “நான் டீச்சர் இல்ல பாய், டெலிபோன் ஆபரேட்டர்”னேன். “அதான பாத்தேன்”னாரு, என்னத்தப் பாத்தாரோ.

வலது குமிழை மாட்டினதும் ஜங்ஷனே அணைஞ்சி போச்சு. பஸ்காரன் ஹாரன், எதுத்த ஜூஸ் கடை மிஷின், ஒண்ணும் இல்ல. பிறகு பாட்டு. கோயிலுக்குள்ள நிக்கேன். இடது பக்கம் நாங்க, வலது பக்கம் டெனர், அதுக்கு அடியில, அடியிலன்னா காலுக்குக் கீழ, தரை மாதிரி, பேஸ் பாடுத நாலு பேரு. நாலு பேருல ஒருத்தர் எட்வின், அது வேண்டாம். மீதி மூணு. வாங்க, எங்க இருக்கிய? கண்ணை மூடிக்கிட்டேன். ஒருக்கா கேட்டேன். ரெண்டாவது மட்டம் கேட்டேன். மூணு குரலும் ஒரே குரலா இருக்கு. இந்தா இதுதான்னு ஒரு இழையைப் பிடிச்சா அது ரெண்டு அடி நடந்து இன்னொருத்தர் ஆயிருது. கொயர் மாஸ்டர் ஆசீர் ஐயா சொல்லுவாரு, பேஸ் தனியாக் கேட்டா அவனை வீட்டுக்கு அனுப்பிருவேன்னு. எட்வினை ஏன் அனுப்பலன்னு தெரியல, ஆனா அவிய அதை வேதமா எடுத்துக்கிட்டாவ. குளிக்கும்போது பாடுனா தெரு நிக்கும், அப்பேர்ப்பட்ட குரல். கொயர்ல வந்து நின்னா அதை மடிச்சி மடிச்சிப் பக்கத்து ஆளு குரலுக்குள்ள வச்சிருவாவ. ஒரு மட்டம் நான் கேட்டேன், இவ்வளவு குரல் இருக்கு, ஒரு வரி தனியாப் பாடுனா என்னன்னு. ‘நான் பாடுதது எவனுக்கும் தெரியக் கூடாது, நான் நிறுத்துனா எல்லாருக்கும் தெரியணும், அதுதான் பேஸ்’னாவ. எவ்வளவு பெரிய வார்த்தை! அன்னைக்குச் சோறு போட்டுக்கிட்டே மலைச்சிப் போயி நின்னேன். இன்னைக்கு எரிச்சல் வருது. நல்ல மனுசா, ஒரே ஒரு இடத்துல தப்பு விட்டிருக்கக் கூடாதா? ஒரு அரை மாத்திரை முந்தி வந்திருக்கக் கூடாதா? எட்வின் அளவுக்காவது ஒரு நாள் மோசமாப் பாடியிருந்தா இன்னைக்கு நான் பிழைச்சிப் போயிருப்பேனே.

மூணாவது மட்டம். நாலாவது மட்டம். மீரான் வேற ஆளைக் கவனிக்கப் போயிட்டாரு, சார்ஜர் கேட்டு ஒருத்தர் நிக்காரு. ஊர்ல பாதிப்பேரு குரலைப் பேரு சொல்லிப் பிரிச்சவ நான். ஒருத்தரு போன்ல இருமுனாலே லைன்ல யாருன்னு சொன்னவ. இப்ப மூணு பேருல புருசன் எவருன்னு தெரியாம உக்காந்திருக்கேன். அப்ப இது ஞாபகம் போனது இல்ல, ஆளே போயிட்டாவ. இனிமே யாராவது வந்து இதுதான் உன் புருசன் ஜெயசிங் குரல்னு எட்வின் குரலைப் போட்டுக் காட்டுனாக்கூட நான் தலையாட்டிருவேன்போல. கண்ணாடியில நீர் படிஞ்சிட்டு. கழத்தித் துடைக்க முந்தானையைத் தேடுதேன், கண்ணாடி இல்லாம எந்தப் பொத்தானை அமுக்கினா நிக்கும்னு தெரியல. பெட்டி அது பாட்டுக்கு ஓடுது. பாட்டு முடிஞ்சுது. ஆமென் முடிஞ்சுது. ஆர்கன்காரர் கடைசிக் கட்டையில கையை வச்சிக்கிட்டே இருக்காரு, எடுக்காரு. பெஞ்சு நகருது. யாரோ புஸ்தகம் மூடுதாவ. இதுக்கு முந்தின தடவையெல்லாம் இந்த இடத்துக்கு முன்னாலயே நான் நிறுத்திட்டேன்போல. செருப்பு இல்லாத கால்கள் மரப்படியில எறங்குத சத்தம். மைக்கை அணைக்க மறந்திருக்கானுவ. அப்ப வலது காதுக்குள்ள, கன்னத்தோட கன்னம் வச்ச மாதிரி அவ்வளவு பக்கத்துல:

“ஏளா, பாத்து எறங்கு. படியெல்லாம் மெழுகாக் கெடக்கு. கையைப் பிடி.”

பியூலாங்கது ரேஷன் கார்டுல எழுதுததுக்கு வச்ச பேரு. இந்த வீட்ல எனக்குப் பேரு ஏளாதான். ஏழு வாரமா என்னைய யாருமே கூப்பிடல, அது எனக்கு இப்பத்தான் தெரியுது. அதே குரல். பைய இறக்கி வைக்க குரல். பிரிக்கவும் வேண்டாம், தேடவும் வேண்டாம், ஏளான்னு ஒரு சொல்லு போதும், மாவடு வந்துட்டு, மூணு ஏழு நாலு வந்துட்டு, எல்லாம் வந்துட்டு. அது முடியதுக்குள்ள இன்னொரு குரல், பொம்பளைக் குரல், வெடுக்குன்னு: “எனக்குக் கண்ணு இருக்கு, நீங்க போங்க.” யாருடா இவ இப்படி எரிஞ்சி விழுதான்னு பாத்தா நான்தான். எந்தக் கோபத்துல சொன்னேனோ, என்ன அவசரத்துல போனேனோ, மருந்துக்குக்கூட ஞாபகம் இல்ல. அவிய லேசா ஒரு சிரிப்பு சிரிச்சாவ, பிறகு டக்குன்னு மைக்கு நின்னு போச்சு.

மீரானைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். “கடைசியில கொஞ்சூண்டு, திருப்பி வைங்க”ன்னேன். வச்சாரு. ஆமென். ஆர்கன். பெஞ்சு. புஸ்தகம். காலு. ஏளா, பாத்து எறங்கு. படியெல்லாம் மெழுகாக் கெடக்கு. கையைப் பிடி. பெட்டிக்குள்ள இருக்க அந்தக் கோட்டிக்காரி வாயைத் தொறக்கதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். “இந்தாங்க”ன்னு வலது கையை நீட்டிட்டேன், கடை முழுக்கத் திரும்பிப் பாக்க அளவுக்குச் சத்தமா.